பாலத்து ஏற்றமும் மலிவு டயரும்

பினாங்கு விமான நிலையத்தில் என் பெட்டி ஒரு காரில் ஏறியது, நான் இன்னொரு காரில் ஏறினேன். பெட்டி போனது என் தங்கை கணவர் குணாவின் சிவப்புக் காரில். நானும் தங்கை வசந்தியும் போனது செல்போனில் கூப்பிட்டு வந்த வாடகைக் காரில். முன்னால் குணா தனியாகப் போக, பின்னால் நாங்கள் இருவரும் போனோம். ஒரே வீட்டுக்கு எதற்கு இரண்டு கார் என்று வாடகைக் கார்க்காரருக்கே புரியவில்லை.

“மாப்ள காருல ஏறுனா என்ன புள்ள, கடிச்சா வெச்சிரும்?” என்றேன்.

“நான் அந்தக் காடியில ஏற மாட்டேன்க்கா. நீயும் ஏறக்கூடாது,” என்றாள் வசந்தி.

காரைக் காடி என்று சொல்லுமளவுக்கு அவள் பினாங்குக்காரி ஆகிவிட்டாள். பிடிவாதம் மட்டும் கோயமுத்தூரில் பிறந்தது, அது இம்மி மாறவில்லை.

விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். குணாவும் வசந்தியும் குடியிருப்பது கெலுகோரில், பினாங்குப் பாலத்தின் காலடியில். இருவருக்கும் வேலை கடலுக்கு அந்தப் பக்கம், பிறை என்ற ஊரில். அவர் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், இவள் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கார் ஓட்ட இருவருக்குமே தெரியும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, நல்ல மழையில், இருவரும் அந்தச் சிவப்புக் காரில் கிளம்பியிருக்கிறார்கள். வீட்டைவிட்டு இரண்டு தெரு திரும்பினால் பாலத்துக்கு ஏறும் வளைவு. அந்த வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போய், வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, ஓரக்கல்லில் மோதி, வந்த வழியைப் பார்த்து நின்றுவிட்டது. எதிரே ஒரு கண்டெய்னர் லாரி. அந்த டிரைவர் நல்லா இருக்கணும், பிரேக்கை மிதித்து எட்டித் தொடும் தூரத்தில் நிறுத்திவிட்டார். வசந்திக்கு ஒரு கீறல்கூட இல்லை. குணாவுக்குப் புருவத்துக்கு மேல் தையல் போட்டார்கள்.

அன்று இறங்கியவள்தான். அதற்குப் பிறகு அவள் பஸ் பிடித்து, ஜெட்டி என்கிற படகுத்துறைக்குப் போய், ஃபெர்ரி ஏறி, அக்கரையில் இன்னொரு பஸ் பிடித்து வேலைக்குப் போகிறாள். அவர் தனியாகப் பாலத்தில் போகிறார். ‘காரை விற்றுவிடுங்கள்’ என்று அவள் சொல்ல, அவர் உடனே ‘சரி’ என்றாராம். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ் என்ற ஊரிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை மாலை காரைப் பார்க்க வருவதாகவும் ஏற்பாடு. இதில் நான் எதற்கு என்றால், கோயமுத்தூரில் நானும் என் வீட்டுக்காரரும் டயர் கடை வைத்திருக்கிறோம். தீபாவளி முடிந்த கையோடு வசந்தி என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

“மலிவு டயரப் போட்டு வேகக் காடி ஓட்டுறது தற்கொலைன்னு உன் வாயால ஒரு தடவ சொல்லிட்டுப் போக்கா. நீ சொன்னா கேப்பாரு. இத வித்துட்டு நாளைக்கு இன்னொன்ன வாங்கிட்டு வந்து நின்னாருன்னா நான் என்ன செய்றது?”

சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டுப் போக நான் என்ன கிளிப்பிள்ளையா? டயர் குற்றமென்றால் டயரைத்தானே மாற்ற வேண்டும், காரை எதற்கு விற்க வேண்டும் என்று கேட்டேன். “ரெண்டும் ஒழியட்டும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கோ வேறொன்று உறுத்தியது. பல வருடம் ஆசைப்பட்டு, ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டியைத் தேடிப் பிடித்து வாங்கிய மனிதர், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் எப்படிச் சரி என்பார்?

வந்திறங்கிய அன்று சாயங்காலமே காரைப் பார்த்துவிட்டேன். இரண்டு கதவு, தாழ்ந்த உடம்பு, பின்சக்கரத்தில் இழுவை. நின்றுகொண்டிருக்கும்போதே ஓடுகிற களை. குணா அதிகம் பேசாதவர், ஆனால் காரைப் பற்றிக் கேட்டால் மட்டும் நாக்குக்கு உயிர் வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அன்று அதுவும் வரவில்லை. நான் கேட்டதற்கு மட்டும், இந்த ஊர் வழக்கப்படி ‘லா’ போட்டு, பதில் சொன்னார்.

“எல்லாக் காசையும் காடியிலயே போட்டுட்டேன்க்கா. டயருக்கு வரப்ப கை காஞ்சுபோச்சு. அதான் விலை கொறஞ்சது. என் தப்புதான்லா.”

டயரில் வாய்க்குள் நுழையாத ஒரு பெயர் இருந்தது. ஆனால் பெயரைப் பார்த்து நான் டயரை எடைபோடுவதில்லை. தயாரித்த தேதியைப் பார்த்தேன், புதுசு. நகத்தால் அழுத்தினேன், ரப்பர் காய்ந்துபோகவில்லை. தேய்மானம் நாலிலும் சீராக இருந்தது. காற்று சரி. தரையில் பதியும் பட்டனும் ஆழமாகவே இருந்தது. டயரின் பட்டனை இங்கே மலாயில் பூ என்கிறார்களாம், கேட்க நன்றாக இருந்தது. குனிந்து குனிந்து பார்த்து என் இடுப்புதான் பிடித்துக்கொண்டதே தவிர, டயரில் ஒரு குறையும் அகப்படவில்லை.

எங்கள் ஊரில் கார் பந்தயப் பைத்தியம் அதிகம். வாரத்துக்கு ஒருவனாவது வேகக் காரைக் கடை வாசலில் நிறுத்தி, “அக்கா, விலை கம்மியான டயர் இதுக்குத் தாங்குமா?” என்பான். “நீ எப்படி ஓட்டுவ?” என்று திருப்பிக் கேட்பேன். அவன் சிரிப்பான், நானும் சிரித்துக்கொண்டே விற்றுவிடுவேன். நிறுத்தி, ஓட்டி, அளந்து பார்க்க எனக்கு நேரமே வாய்த்ததில்லை. இங்கே வாய்த்தது. பார்த்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையில் ரொட்டி சானாய்க் கடைக்குப் போனோம். நம்ம பரோட்டாவின் ஒன்றுவிட்ட தம்பி அது. பருப்புக் குழம்பை மேலேயே ஊற்றித் தருகிறார்கள். டீயில் டின் பாலை ஊற்றி இரண்டு குவளைக்கும் நடுவே ஆற்றுகிறார்கள். முதல் வாய்க்கு அமிர்தம், மூன்றாவது வாய்க்குத் திகட்டிவிட்டது. பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வசந்தி காதோரம் மொழிபெயர்த்தாள். “மழைக்கு என் வீட்டுக் கொடிதான் கண்ணில் படுகிறது, நான் துணி காயப்போட்டால் மட்டும் வந்துவிடுகிறது” என்றாராம் ஒருவர். எங்கள் ஊரில் இவ்வளவு மழை பெய்தால் கடைக்கு லீவு விட்டுவிடுவோம். இவர்கள் குடையை மடக்கி மேசையடியில் வைத்துவிட்டு இன்னொரு டீ சொல்கிறார்கள்.

பிறையில் குணாவின் நண்பர் லிங்கம் டயர் கடையும், அதை ஒட்டி லாரி நிறுத்தும் பெரிய வளாகமும் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அது காலியாக இருக்கும். அங்கேதான் சோதனை என்று ஏற்பாடு செய்தேன். வசந்தி வரமாட்டேன் என்றாள். வந்தால்தான் ஆச்சு என்று நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். கடைசியில் ஓர் உடன்பாடு: குணா பாலத்தில் காரைக் கொண்டு வருவார், நாங்கள் ஃபெர்ரியில் போவோம்.

முன்பெல்லாம் ஃபெர்ரியில் காரும் ஏறுமாம். இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிளும்தான். ஒரு பக்கம் துறைமுகத்துப் பாரந்தூக்கிகள், இன்னொரு பக்கம் மழைக்குள் மங்கலாகப் பாலம். வசந்தி பாலம் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். எதிரே உட்கார்ந்திருந்த சீனப் பாட்டியம்மா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையிலிருந்து ஆளுக்கு ஒரு ஜம்புக்காய்ப் பழம் எடுத்துக் கொடுத்தார்.

“அந்த லாரிக்காரன் முகம் எனக்கு இன்னும் தெரியுதுக்கா,” என்றாள் வசந்தி திடீரென்று. “அவன் என்னையப் பாத்து அழுதான். நான் அழல. இவரு நெத்தியில ரத்தம் வருது, என்கிட்ட ‘உனக்கு ஒண்ணும் இல்லையே’ன்னு கேக்குறாரு.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லிட்டிருந்தது. இவள் பயத்தைப் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டிருந்ததற்கு எனக்கே சங்கடமாக இருந்தது.

அக்கரையில் இறங்கி, பேச்சு மும்முரத்தில் பஸ் மாறி ஏறிவிட்டோம். கொஞ்ச தூரம் போனதும் வசந்திக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏற்றியது நீதானே என்று நானும், பேச்சுக் கொடுத்தது நீதானே என்று அவளும் ஆரம்பிக்க, டிரைவர் கண்ணாடியில் பார்த்து மலாயில் ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. “சண்டையை முடித்துவிட்டுச் சொல்லுங்கள், எங்கே இறக்கிவிடட்டும்” என்றாராம். இறங்கி, வாடகைக் கார் பிடித்து, லிங்கத்தின் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குணா எங்களுக்கு முன்பே வந்து காத்துக்கொண்டிருந்தார்.

லிங்கம் தொப்பையும் சிரிப்புமான ஆள். டயர் விற்கிற இரண்டு பேர் சந்தித்தால் என்ன நடக்கும்? கண்ணை மூடித் திறப்பதற்குள் தகராறு ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, பேரு பெருசா உள்ள டயரெல்லாம் பேருக்கும் சேத்துத்தான் காசு வாங்குறான். ரப்பர் ரப்பர்தான்லா. மலிவு டயர் ஒண்ணும் செய்யாது.”

“அப்ப உங்க சொந்தக் காருல என்ன டயர் போட்டிருக்கீங்க?”

லிங்கம் தலையைச் சொறிந்தார். அவர் காரில் இருந்தது விலை உயர்ந்தது. “வீட்டுல பிள்ளைங்க போறாங்கல்ல” என்றார். எனக்குப் பாதி பதில் அப்போதே கிடைத்துவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் சோதனை.

நல்ல டயர் நாலை அதே அளவில் அவர் கடையிலிருந்து இரவல் தந்தார். லாரி கழுவும் குழாயால் தரையை நனைத்தோம். அதற்குள் வானமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஒரு செங்கல்லை வைத்து, அந்தச் செங்கல்லைத் தாண்டும்போது பிரேக், கார் நிற்குமிடத்தில் இன்னொரு செங்கல். ஒரே ஆள், ஒரே வேகம். வேகத்தைச் சரிபார்க்க நான் குணாவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். லாரிக் கொட்டகையின் கீழே நின்ற வசந்தி, “அக்கா, இறங்கு” என்று கத்தினாள். நான் இறங்கவில்லை.

முதலில் மலிவு டயரில் ஓட்டினோம். திரும்பத் திரும்ப ஓட்டினோம். பிறகு டயரை மாற்றி, மறுபடியும். நான் விடவில்லை. ஒருமுறை குணா பிரேக்கைச் சற்று முந்தி மிதித்துவிட்டார், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன் என்றேன். லிங்கம் குடைக்குள் நின்றுகொண்டு, “அக்கா கோர்ட்டுல வேல செஞ்சிருக்கணும்லா” என்றார். கடைசியில் செங்கற்களைப் பார்த்தோம். நல்ல டயர் நின்ற இடத்துக்கும் மலிவு டயர் நின்ற இடத்துக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். ஒரு கார் நீளம் என்றால் சும்மாவா? நாம் பிரேக் போட்டும் முன்னால் போகிறவன் முதுகில் ஏறிவிடுவோம். லிங்கம் அந்தச் செங்கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரிக்கவில்லை.

ஆனால் எனக்கு வேண்டியது பிரேக் மட்டும் அல்ல, வளைவு. பாலத்து ஏற்றத்தில் அன்று போன அதே வேகத்தில், மழைநீர் ஓடும் தரையில், மலிவு டயரை மறுபடி மாட்டிக் குணாவை வட்டமடிக்கச் சொன்னேன். கார் பிடித்துக்கொண்டு திரும்பியது. இன்னும் கொஞ்சம் வேகம். அப்போதும் திரும்பியது. பின்பக்கம் அசையவே இல்லை. இந்த டயர், அந்த வேகத்தில், அந்த வளைவில், வெறும் மழைக்கு வழுக்க வாய்ப்பே இல்லை. நானே என் கண்ணால் பார்த்தேன்.

“இங்க வழுக்கலன்னா?” என்றாள் வசந்தி. “அன்னைக்கு வழுக்குச்சா இல்லையா?”

வழுக்கியது. அதில் சந்தேகமே இல்லை, குணாவின் நெற்றியில் தழும்பு இருக்கிறது. தங்கை பொய் சொல்லவில்லை, டயரும் பொய் சொல்லவில்லை. அப்படியென்றால் என்ன? நான் குணாவைப் பார்த்தேன். அவர் துணியை எடுத்துக் காரின் ஈரக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். காய்ந்த பிறகு துடைத்தாலும் போதும். அவர் என் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான் துடைத்தார் என்று அன்றே எனக்குப் பட்டது.

திரும்பி வரும்போதும் கார் பாலத்தில், நாங்கள் ஃபெர்ரியில். இரவு சாப்பாட்டுக்கு நாசி கண்டார் என்கிற குழம்புச் சோற்றைக் கட்டி வாங்கி வந்தார் குணா. எல்லாக் குழம்பையும் ஒன்றாகக் கலந்து சோற்றில் ஊற்றுவதை எங்கள் ஊர்ச் சமையல்காரர் பார்த்தால் கரண்டியைத் தூக்கி எறிந்துவிடுவார். நான் விரலைச் சப்பிச் சாப்பிட்டேன். யோசனை மட்டும் அந்த வளைவிலேயே நின்றது.

திங்கட்கிழமை இருவரும் லீவு. மாலையில் ஆள் வருகிறார் என்பதால் வசந்தி காலையிலேயே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காரைத் துடைக்க இறங்கிவிட்டாள். ஏறத்தான் மாட்டாள், துடைப்பதற்குத் தடையில்லை. நல்ல விலைக்குப் போகட்டும் என்ற எண்ணம். நான் பசார் என்கிற சந்தைக்குப் போய் ஊருக்குக் கொண்டுபோகச் சாதிக்காய் ஊறுகாய் வாங்கிவிட்டு வந்தேன். வாசலில் கால் வைத்தவள் அப்படியே நின்றேன்.

வசந்தி பின்டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். ஒரு கிண்ணம், ஒரு துணி. டயரின் பக்கவாட்டைத் துடைத்துவிட்டு, துணியைச் சுருட்டி, தரையில் பதியும் பட்டனுக்குள் எல்லாம் விட்டு, இடுக்கு இடுக்காகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். டயர் கருகருவென்று மின்னியது. தேங்காய் எண்ணெய் வாசம் வாசல்வரை வந்தது.

“என்ன புள்ள பண்ற?”

“பாத்தா தெரியல? ஆயுத பூஜைக்கும் இப்படித்தான் தொடச்சேன். முன்னாடி டயருக்குப் பாலிஷ் பாட்டில் இருந்துச்சு, மேலாக்க அடிச்சேன், தீந்துபோச்சு. பின்னாடி ரெண்டுக்கும் எண்ணெய் போட்டு நல்லாத் தேச்சேன். இதுதான் இன்னும் பளபளப்பு.”

கையிலிருந்த ஊறுகாய்ப் பையைக் கீழே வைத்தேன்.

எங்கள் கடையிலும் ஆயுத பூஜைக்கு டயர்கள் மின்னும். பக்கவாட்டில் மட்டும். தரை தொடும் இடத்துக்குத் துணியைக் கொண்டுபோனால் யாராக இருந்தாலும் கத்திவிடுவேன். ஆனால் அந்தக் கடை என் புகுந்த வீட்டுச் சொத்து, வசந்தி அங்கே காபி குடிக்க வந்ததோடு சரி. அவளுக்குப் பூஜை என்றால் ஒரு மூலை விடக்கூடாது. கத்தரிக்கோலைத் திறந்து உள்பக்கமும் பொட்டு வைப்பவள். பூஜை முடிந்த கார் அன்று முழுவதும் மாலையோடு நின்றிருக்கிறது. மறுநாள் மழையில், எண்ணெய்க் காலோடு, இரண்டே தெரு தாண்டி நேராக அந்த வளைவில் ஏறியிருக்கிறது. மலிவு டயர் என்ன, உலகத்திலேயே விலை உயர்ந்த டயரைப் போட்டிருந்தாலும் வழுக்கியிருக்கும். ஒரு மாத ஓட்டத்தில் அந்த எண்ணெய் தேய்ந்துபோனதால்தான் ஞாயிற்றுக்கிழமை வழுக்கவில்லை.

நான் குணாவைத் தேடி வீட்டின் பின்பக்கம் போனேன். குணா குழாயடியில் நின்று, ஒரு வாளியில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பிரஷ்.

“இது எதுக்கு மாப்ள?”

“சும்மாக்கா.”

“டயரக் கழுவறதுக்குத்தானே?”

அவர் கை நின்றது. வாளியைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார். “அவள டீ போடக் கூப்பிடுங்கக்கா. அவ உள்ள போனதும் நான் கழுவிடுறேன். வர்ற தம்பி ஓட்டிப் பாப்பாரு, வானமும் இருட்டுது.”

“உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“அன்னைக்கே தெரியும். எறங்கி டயரத் தொட்டுப் பாத்தேன். கையெல்லாம் எண்ணெய் வாசம்.”

“அப்பறம் ஏன் இத்தன நாளா டயர் மேல பழியப் போட்டுட்டு இருக்கீங்க?”

“அவ, ‘ரெண்டு பேருமே செத்திருப்போம்’னு நெனச்சு நெனச்சு சோறு எறங்காம கெடந்தாக்கா. தூக்கத்துல எந்திரிச்சு உக்காருவா. அதுக்குக் காரணம் உன் கைதான்னு எப்படிச் சொல்றது? காடி போனா போகட்டும்லா. இன்னொரு காடி வாங்கிக்கலாம்.”

அந்தச் சிவப்புக் காரை அவர் எப்படிப் பார்ப்பார் என்று இந்த இரண்டு நாளில் நான் பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் வரும்போது கதவருகில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அதை விற்கத் துணிந்த மனிதருக்கு ஒரு வாக்கியம் சொல்லத் துணிவு வரவில்லை. அன்பு என்பது சில வீடுகளில் இப்படியும் இருக்கிறது. எனக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிடவும் தோன்றியது, தலையில் ஒரு குட்டு வைக்கவும் தோன்றியது.

“மாப்ள, நான் அவகிட்டச் சொல்லப்போறேன்,” என்றேன்.

“வேணாம்க்கா. கெஞ்சிக் கேக்குறேன்.”

“நீங்க இந்தக் கார வித்துருவீங்க. வேற ஒண்ணு வாங்குவீங்க. அடுத்த ஆயுத பூஜைக்கும் அவ துணியும் கிண்ணமுமா வந்து உக்காருவா. அப்பவும் ஒளிஞ்சு நின்னு கழுவுவீங்களா? ஒருநாள் நீங்க ஊர்ல இல்லாதப்ப அவ கழுவாம ஏறிப் போனா?”

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். வாளி கனம், சோப்புத் தண்ணீர் காலெல்லாம் தெறித்தது.

என் தங்கையிடம் சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, டயரில் தரை தொடும் இடம் இது, இங்கே எண்ணெய் பட்டால் மழையில் என்ன ஆகும் என்று, கடைக்கு வரும் ஆளுக்குச் சொல்வதுபோலச் சொன்னேன். அவள் முதலில் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் தலையாட்டல் நின்றது. துணியைக் கீழே போட்டாள். தன் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள்.

“நான்தானா?”

“நீதான். தெரியாம.”

“அவருக்கு?”

“தெரியும்.”

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து நேராகப் பின்பக்கம் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன். குணா குழாயடியிலேயே நின்றிருந்தார்.

“நெத்தியில தையல் போடுறப்பக்கூட சொல்லலயே,” என்றாள். “ஒரு மாசமா நான் பஸ்ஸும் ஃபெர்ரியுமா அலையுறேன். டயரத் திட்டுறேன், காடியத் திட்டுறேன், உங்களத் திட்டுறேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. என்னைய என்ன நெனச்சீங்க, தொட்டா ஒடஞ்சிடுவேன்னா?”

“ஒடஞ்சுதான போயிருந்த,” என்றார் குணா.

அதற்குப் பிறகு அழுதாள். நான் அங்கிருந்து நகர்ந்துவிட்டேன். அக்கா என்றாலும் எல்லா இடத்திலும் நிற்கக்கூடாது.

சாயங்காலம் கெப்பாலா பத்தாஸிலிருந்து வந்த இளைஞரை வாசலில் எதிர்கொண்டது வசந்திதான். கையில் பிரஷ், முழங்கைவரை சோப்பு நுரை. “மன்னிச்சுக்குங்க தம்பி, காடி விக்கிறதில்ல” என்றாள். அவ்வளவு தூரம் வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று டீயும் கேசரியும் கொடுத்தாள். அவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஏங்கிவிட்டுப் போனார். குணா அவருக்குக் கதவைத் திறந்து காட்டி, எஞ்சினைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். வாங்க முடியாதவரிடம் எதற்கு இவ்வளவு என்று நான் கேட்கவில்லை. நாக்குக்கு உயிர் வந்ததே போதும் என்றிருந்தது.

இரவு சாப்பாட்டில் என் தீர்ப்பைக் கேட்டார்கள். பார்த்ததைச் சொன்னேன். அன்றைய வழுக்கலுக்கு மலிவு டயர் குற்றவாளி இல்லை. அதற்காக அது நிரபராதியும் இல்லை, ஒரு கார் நீளம் பாக்கி வைத்திருக்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு அந்த டயர் போதும். மெதுவாகப் போகவா மாப்பிள்ளை இந்தக் காரை வாங்கினார்? தினமும் இந்த மழையில், லாரிகளுக்கு நடுவே பாலத்தில் போகிற வண்டிக்கு நல்ல டயர்தான் வேண்டும். காரை வாங்கிவிட்டு டயருக்குக் கை காய்ந்துபோச்சு என்பது வீட்டைக் கட்டிவிட்டுக் கதவுக்குக் காசில்லை என்பது மாதிரி. குணா சாப்பிட்டுக்கொண்டே லிங்கத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். புது டயர் வெள்ளிக்கிழமை வரும் என்றார் லிங்கம்.

செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டது. வாடகைக் காருக்குச் சொல்லலாமா என்று குணா கேட்க, வசந்தி கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க.”

“புது டயர் வரட்டும்லா, வெள்ளிக்கிழம ஓட்டு.”

“அப்ப ஓட்டுனா டயர நம்பி ஓட்டுற மாதிரி. இதே டயர்ல நான் ஓட்டணும். எனக்கு என் கை மேல நம்பிக்கை வரணும்.”

குணா என்னைப் பார்த்தார். மெதுவாகப் போனால் இந்த டயர் போதும் என்று தீர்ப்புச் சொன்னவளே நான்தான், இனி எங்கே பின்வாங்குவது? நான் முன்சீட்டில் ஏறிக்கொண்டேன். அந்தக் காரின் பின்சீட்டு பெயருக்குத்தான் சீட்டு. பருத்த உடம்பை மடக்கி, முழங்கால் முகவாயில் இடிக்க, குணா அதற்குள் நுழைந்தார். டிக்கியில் லிங்கம் கொடுத்தனுப்பிய சாமான்கள், ஆகவே என் பெட்டியும் அவர் மடியில்.

வசந்தி காரை எடுத்தாள். முதல் தெரு திரும்பினாள், இரண்டாவது தெரு திரும்பினாள்.

“வசந்தி, ஏர்போர்ட் அந்தப் பக்கம்லா,” என்றார் குணா பெட்டிக்குப் பின்னாலிருந்து.

“தெரியும். நேரம் இருக்கு. ஒரு தடவ அக்கரைக்குப் போயிட்டு வருவோம்.”

பாலத்து ஏற்றத்துக்கு முன்னால் ஓரமாக நிறுத்தினாள். மழையில் இறங்கிப் பின்னால் போனாள். இரண்டு டயரிலும் உள்ளங்கையை வைத்துத் தேய்த்து, கையை மோந்து பார்த்துவிட்டு, நனைந்த தலையோடு வந்து உட்கார்ந்தாள். எங்களைத் தாண்டி ஒரு கண்டெய்னர் லாரி ஏறிப் போனது. அது போகும்வரை காத்திருந்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. நான் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தேன், அவள் பார்க்காதபடி.

கார் நகர்ந்தது. வளைவு தொடங்கும் இடத்தில் குணாவால் இருக்க முடியவில்லை.

“மெதுவா... மெதுவா...”

“ஒரு மாசமா வாயத் தொறக்காம இருந்தீங்கல்ல,” என்றாள் வசந்தி, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே இருங்க.”

அவர் இருந்தார். கார் வளைவைப் பிடித்துக்கொண்டு ஏறி, மழைக்குள் பாலத்துக்கு வந்தது.